மேம்பாடு என்னும் மூடுசொல்: இயங்குதளப் புதுப்பிப்புக் குறிப்புகளின் வரலாறு

ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டியனவாகத் தொல்காப்பியம் எட்டினை எண்ணுகிறது. வினை, வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னார்க்கு, இன்ன பயன் என்பன அவை. இவற்றுள் எவை சொல்லப்பட்டன, எவை விடப்பட்டன என்று நோக்கினால் எந்த அறிவிப்பின் தெளிவையும் அளந்துவிடலாம். மடிக்கணினியின் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது உடன்வரும் வெளியீட்டுக் குறிப்புகளை இவ்வளவுகோலால் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். இதற்கு விண்டோஸ் இயங்குதளத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு வெளிவந்தது. ஃபயர்வால் என்னும் பாதுகாப்பு அரண் அதன்பின் தானாகவே இயங்கத் தொடங்கியது. அதனால் சில மென்பொருள்கள் முன்போல் இயங்காமற் போகலாம் என்பதை மைக்ரோசாப்ட் நிறுவனம் மறைக்கவில்லை. மாற்றங்களை விரிவாக விளக்கியதோடு, பாதிப்புக்குள்ளாகும் மென்பொருள்களின் பட்டியலையும் வெளியிட்டது. செயப்படுபொருளும் பயனும் அங்கே வெளிப்படையாக நின்றன.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தபோது நிலைமை மாறியது. வீட்டுப் பயனர்களின் கணினிகளில் புதுப்பிப்புகள் தாமாகவே நிறுவப்பட்டன. அவற்றை மறுக்கும் வாய்ப்பு பெரிதும் குறைந்தது. தேர்வுரிமை சுருங்கிய அதே வேளையில் விளக்கமும் சுருங்கியது. முதல் சில மாதங்களில் வந்த பல தொகுப்புகளின் குறிப்புகள், இயங்குதளத்தின் செயற்பாடு மேம்படுத்தப்பட்டுள்ளது என்னும் அளவிலேயே நின்றன. எது மாறியது? எதற்காக மாறியது? விடையில்லை. செயப்பாட்டுவினை வினைமுதலை மறைத்தது. 'மேம்பாடு' என்னும் பொதுச்சொல் எஞ்சியவற்றையும் மூடியது. நிறுவனங்களின் கணினி நிர்வாகிகள் முறையிட்டனர். 2016 பிப்ரவரியில் ஒவ்வொரு புதுப்பிப்பின் மாற்றங்களையும் வரிசைப்படுத்தும் பக்கத்தை மைக்ரோசாப்ட் தொடங்கியது.

எனினும், குறிப்பு எழுதுவோரின் தெளிவு மட்டும் போதாது என்பதை 2018 உணர்த்தியது. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று வெளியான பெரும் புதுப்பிப்பு சிலருடைய கோப்புகளை அழித்தது. நான்கே நாளில் அது நிறுத்தப்பட்டது. ஆவணக் கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றியவர்களின் கணினிகளில், வெறுமையான இரட்டைக் கோப்புறைகளை நீக்குவதற்கென ஒரு நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. அதுவே பழைய இடத்தில் கோப்புகளுடன் இருந்த கோப்புறைகளையும் நீக்கிவிட்டது. பத்தாயிரத்தில் ஒரு நிறுவலில்தான் இழப்பு பதிவானது என்றது நிறுவனம். ஆனால் அந்த ஒருவருக்கு அழிந்தவை அவருடைய ஆவணங்களும் படங்களும் அல்லவா?

வெளியீட்டுக்கு முன்பே முன்னோட்டப் பயனர் சிலர் இவ்விழப்பைத் தெரிவித்திருந்தனர். எத்தனை பேர் சொன்னார்கள் என்பது கணக்கில் வந்தது. எவ்வளவு கடுமையான இழப்பு என்பதைக் குறிக்கத் தனி இடமில்லை. பின்னரே அதற்கு வழிசெய்யப்பட்டது. திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13 அன்று மீண்டும் வெளிவந்தது.

எனவே தெளிவு இருவழிப்பட்டது. செய்பவர் செய்ததைச் சொல்ல வேண்டும். பட்டவர் பட்டதைச் சொல்ல இடம் வேண்டும். ஆசிரியர்கள் இத்தகைய குறிப்பொன்றை வகுப்பில் கொடுத்து, எட்டில் எத்தனை இருக்கின்றன என்று மாணவர்களை எண்ணச் சொல்லலாம். விடுபட்டவற்றைக் கேட்டறியப் பழகும் மாணவன், நாளை மென்பொருள் எழுதும்போது அவற்றை விடாமல் எழுதுவான்.