என்ஜினின் கீழ்ப்பகுதி வேலை: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது

காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்குப் போகும் வழியில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட வைத்துத்தான் வாப்பாவின் கொரோலா 110 அந்தச் சத்தத்தைப் போட்டது. அடியிலிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். கூடவே ஒயில் லைட்டும் மினுங்கியது. நான்கு மாதத்துக்கு முன்னர்தான் அந்த என்ஜினைக் கழற்றி, கிராங் அரைத்து, புதுப் பெயரிங் போட்டிருந்தோம். அதற்காக உம்மாவின் காப்பு ஒன்று அடகில் இருந்தது.

இரண்டாவது தடவை வேறொரு கராஜில் சம்பைக் கழற்றிய பாஸ், பழைய பெயரிங்கைக் கையில் தந்து, "தம்பி, இது தேஞ்சது இல்ல. மண் அரிச்சது" என்றார். கிராங் அரைத்தபோது விழுந்த தூள், அதன் ஒயில் துவாரங்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைக் கழுவ ஒரு மணித்தியாலம் போதும். அந்த ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடித்ததால் முழுச் செலவும் போனது. அந்த வேலை முடியும் வரை பட்டறையில் நின்று பார்த்ததும், பிறகு தேடி அறிந்ததும் இங்கே இருக்கின்றன.

ஏன் இப்போது இந்த வேலை?

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 மார்ச்சுக்குப் பிறகு சில வாரங்களிலேயே டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாயைத் தொட்டது. தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஹயர் ஓடுபவர்கள், பாடசாலை வேன் வைத்திருப்பவர்கள், புடவை மூட்டையோடு சந்தைக்குப் போகும் நமதூர் வியாபாரிகள் என எல்லோரும் 20, 30 வருடப் பழைய என்ஜினை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கீழ்ப்பகுதி என்றால் என்ன?

கராஜில் 'ஹாஃப் என்ஜின்' என்று சொல்வார்கள். எட்டைக் கழற்றி வைத்தபின் மிஞ்சுவது: புளொக், அதற்குள் கிராங், கொன்ரொட், பிஸ்டன், ரிங், மெயின் பெயரிங், கொன்ரொட் பெயரிங், ஒயில் பம்ப், சம்ப். கிராங் பெயரிங்கைத் தொடுவதே இல்லை; இரண்டுக்கும் இடையில் மெல்லிய ஒயில் படலம் ஒன்று இருக்கிறது. அந்தப் படலத்தின் மேல்தான் கிராங் மிதந்து சுற்றுகிறது. அதன் கனம் ஒரு தலைமுடியின் கனத்தை விடக் குறைவு. கீழ்ப்பகுதி வேலை முழுவதும் அந்த இடைவெளியைச் சரியாக வைப்பதற்கும், அதற்குள் அழுக்குப் போகாமல் பார்ப்பதற்கும்தான்.

கழற்றுவதற்கு முன்

முதல் மிச்சம் இங்கேதான் இருக்கிறது. நீலப் புகை வந்தவுடன் 'ரிங் போச்சு' என்று முடிவெடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் ஸ்லோவில் நிற்க விட்டு அக்சிலேட்டரை மிதித்தவுடன் ஒரு குவியலாகப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். அது மேல்பகுதி வேலை, செலவு குறைவு. ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங், போர் பக்கம் சந்தேகப்படலாம்.

உறுதி செய்ய கொம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் அதிகமாக இருந்தால், குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கட்.

ஒயில் லைட்டை மட்டும் நம்பக் கூடாது. சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் பூட்டி, என்ஜின் சூடான பின் பார்க்க வேண்டும். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொதுவான கணக்கு. பழைய ஒயில் பில்டரை வெட்டி விரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மடிப்புக்குள் மினுங்கும் துகள்கள் இருந்தால் பெயரிங் அரைபடுகிறது. செம்பு நிறம் தெரிந்தால் பெயரிங்கின் மேல் படை போய், உள் படையும் தேய்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் கிராங்கைத் தின்னும்.

அளந்த பிறகே முடிவு

திறந்தவுடன் சாமான் லிஸ்ட் எழுதும் பாஸிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். முதலில் அளவு, பிறகு லிஸ்ட். போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். கிராங் கழுத்துகள் வட்டமாக இருக்கின்றனவா, ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருக்கின்றனவா என்று மைக்ரோமீற்றரால் பார்க்க வேண்டும். இந்த வேலையில் 0.01 மி.மீ. கூட ஒரு கணக்கு.

அளவு வந்தபின் மூன்று வழிகள்.

ஒன்று: போரும் கிராங்கும் அளவுக்குள் இருந்தால் ஹோன் போட்டு, புது ரிங், புதுப் பெயரிங். இதுதான் மலிவு. ஆனால் போர் கூம்பாகத் தேய்ந்திருக்கும்போது புது ரிங் மட்டும் போடுவது காசை வீசுவது. கொஞ்ச நாளில் பழைய புகை திரும்பி வரும்.

இரண்டு: போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, கிராங்கை அரைத்து அண்டர்சைஸ் பெயரிங் போடுவது. அளவுகள் பொதுவாக 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று ஏறும். கொரோலா 110இல் வரும் 5ஏ-எஃப்ஈ என்ஜினின் போர் 78.7 மி.மீ. அதை 0.50 அடித்தால் 1498 சிசி என்ஜின் ஏறத்தாழ 1517 சிசி ஆகும். பலம் கூடியது போல் தெரிவது அந்த 19 சிசியால் வருவதில்லை. கொம்ப்ரெஷன் திரும்பக் கிடைத்ததால் வருவது. ஒன்றை மறக்க வேண்டாம்: பிஸ்டனும் பெயரிங்கும் கைக்கு வந்த பிறகே லேத் பட்டறைக்குப் போக வேண்டும். 0.50 அடித்துவிட்டு, அந்த அளவில் பிஸ்டன் இல்லை என்று பஞ்சிகாவத்தையிலிருந்து பதில் வந்தால் அடுத்த அளவுக்கு இன்னொரு தடவை அடிக்க வேண்டி வரும்.

மூன்று: ஜப்பானில் ஓடிய ரீகண்டிஷன் என்ஜினை வாங்கிப் பூட்டுவது. கிராங் வெடித்திருந்தால், புளொக் உடைந்திருந்தால் இதுதான் புத்தி. வாங்கும் இடத்திலேயே கொம்ப்ரெஷன் பார்த்து, சம்பைக் கழற்றி ஒரு பெயரிங் மூடியையாவது திறந்து பாருங்கள். என்ஜின் இலக்கம் வாகனப் பதிவில் இருப்பதால் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடிய இடங்கள்

கழற்றுவது, கழுவுவது, கஸ்கட் சுரண்டுவது, சாமான் ஏற்றி இறக்குவது ஆகியவற்றைக் கையாளாக நின்று நீங்களே செய்யலாம். கொன்ரொட் வளையாமல் இருந்தால் பழையதே போதும். பிஸ்டனில் ரிங் பள்ளம் அகலாமல், பக்கத்தில் கீறல் இல்லாமல் இருந்தால் அதையும் திரும்பப் போடலாம். சம்ப், மூடிகள், புலிகள் எல்லாம் சுத்தம் செய்தால் போதும். கழற்றும்போது ஒவ்வொரு பெயரிங் மூடிக்கும் இலக்கம் குத்தி, திசையைக் குறித்து, போனில் படம் எடுத்து வைத்தால் பாஸின் அரை நாள் மிச்சம். மூடி மாறிப் பூட்டினால் கிராங் இறுகிவிடும்.

கை சுருக்கக் கூடாத இடங்கள்

லேத் வேலை, பெயரிங், ரிங், ஒயில் பம்ப், முழுக் கஸ்கட் செட். இந்த ஐந்திலும் பேரம் வேண்டாம். பிரபலமான பெயர் அச்சிட்ட போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு. பெயரிங்கின் முதுகில் இலக்கமும் அளவும் தெளிவாகப் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கிராங் அரைக்கும்போது கழுத்தின் மூலையில் உள்ள வளைவு அப்படியே இருக்க வேண்டும். அதைக் கூர் மூலையாக வெட்டிவிட்டால் அந்த இடத்திலிருந்துதான் பின்னர் வெடிக்கும்.

முறுக்கி நீட்டும் வகைப் போல்ட்டுகள் சில என்ஜின்களில் உண்டு. முதலில் குறித்த இறுக்கம், பிறகு 90 பாகை திருப்பம் என்று மனுவல் சொன்னால் போல்ட் நீண்டிருக்கிறதா என்று அளந்த பிறகே திரும்பப் போட வேண்டும். டோர்க் ரென்ச் இல்லாத இடத்தில் கீழ்ப்பகுதியைப் பூட்ட விடாதீர்கள். இரவல் வாங்கியாவது கொண்டு வாருங்கள்.

கழுவல்

எங்கள் காரைக் கெடுத்தது இந்தக் கட்டம்தான். லேத்திலிருந்து வந்த கிராங்கின் ஒவ்வொரு ஒயில் துவாரத்துக்குள்ளும் நீண்ட பிரஷ் விட்டுத் தேய்த்து, கொம்ப்ரசர் காற்றால் ஊத வேண்டும். புளொக்கின் ஒயில் வழிகளில் உள்ள அடைப்பான்களையும் கழற்ற வேண்டும். ஹோன் போட்ட போரை மண்ணெண்ணெயால் கழுவினால் தூள் போகாது. சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டுத் தேய்த்து, காய்ந்தபின் ஒயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவ வேண்டும்.

நம்மூர் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கழுவிய போரை ஒயில் பூசாமல் ஓர் இரவு விட்டால் காலையில் செம்பழுப்பாகத் துரு நிற்கும். கழுவிய கையோடு ஒயில் பூசிப் பொலித்தீனால் மூடுங்கள். வீதியோரப் பட்டறையில் மணல் காற்று அடிக்கும் நேரத்தில் பெயரிங் பூட்ட வேண்டாம்.

பூட்டும்போது

பெயரிங் இடைவெளியைப் பார்க்க பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய இழை கிடைக்கும். கழுத்தின் மேல் வைத்து மூடியை இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லும். கழுத்தின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது கைக்கணக்கு, 40 மி.மீ. கழுத்துக்கு 0.04 மி.மீ. கடைசிச் சொல் மனுவலுடையது. ரிங்கைப் போருக்குள் வைத்து வாய் இடைவெளியைப் பார்க்க வேண்டும்; 78.7 மி.மீ. போருக்கு மேல் ரிங்கில் சுமார் 0.3 மி.மீ. வரும். பிஸ்டன் இறக்கும்போது கொன்ரொட் போல்ட்டுகளுக்கு ரப்பர் குழாய்த் துண்டு மாட்டினால் கிராங் கீறாது. ஒவ்வொரு மூடி இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த மூடியில் இறுகுகிறதோ அதில்தான் பிழை.

முதல் ஸ்டார்ட், முதல் 500 கிலோமீற்றர்

பிளக்குகளைக் கழற்றி, எரிபொருள் வராமல் செய்து, ஒயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். ஸ்டார்ட் எடுத்தபின் நீண்ட நேரம் ஸ்லோவில் நிறுத்தி வைக்க வேண்டாம். ரிங் போரோடு படிவதற்குச் சுமை வேண்டும். மிதமான வேகத்தில் ஓட்டி, ஏற்றி இறக்கி விடுங்கள். ஆரம்பத்தில் சாதாரண மினரல் ஒயில் போதும். 500 கிலோமீற்றருக்குள் ஒயிலும் பில்டரும் மாற்றி, பழைய பில்டரை வெட்டிப் பாருங்கள்.

என்ஜினை மறுபடி சாகடிப்பவை சின்ன விஷயங்கள். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதனால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் போர் சீக்கிரம் தேயும். ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் விடாமல் கூலண்ட் விடுங்கள். மாரி காலத்தில் வெள்ளத்துக்குள் ஓடி என்ஜின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் அடிக்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் போன தண்ணீர் நசுங்காது, கொன்ரொட்தான் வளையும். பிளக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும்.

பேசி முடிக்கும்போது கேட்க வேண்டியவை

அளவுகளை எழுதித் தருவீர்களா? பழைய சாமானைத் திருப்பித் தருவீர்களா? கிராங்கைக் கழுவும்போது நான் பக்கத்தில் நிற்கலாமா? இந்த மூன்றுக்கும் 'ஓம்' என்று சொல்லும் பாஸ், கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் அவரிடமே கொடுங்கள்.

எங்கள் கிராங் இரண்டாவது தடவை 0.50க்கு அரைபட்டது. இன்னும் ஒரு அளவுதான் மிச்சம். உம்மாவின் காப்பு மீண்டு வர மேலும் ஒரு வருடம் எடுத்தது. வாப்பா இப்போதும் பாலத்தில் ஏறும்போது ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார்.