கடுகும் மெழுகுவர்த்தியும்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த பாஸ்டன் குடும்பத்தார் 15ஆம் நூற்றாண்டில் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. நிலவழக்கு, போர், அரசியல் என ஆண்களின் வரலாற்றுக்கு அவை பெரும் சான்று. நான் அவற்றில் தேடுவது வேறு: அந்த வீட்டின் கௌரவம் யார் தலையில் சுமத்தப்பட்டது? அதற்குக் காவல் நின்றது யார்?

வழக்குகளுக்காகக் கணவர் லண்டனில் தங்கிவிட, நிலத்தையும் வீட்டையும் காத்தவர் மார்கரெட் பாஸ்டன். 1448இல் அவர் கணவருக்கு எழுதுவித்த கடிதம் ஒன்று, எதிரிகளைச் சமாளிக்கக் குறுக்குவில்கள் கேட்கிறது; அதே கடிதத்தில் பாதாமும் சர்க்கரையும் வாங்கி அனுப்பச் சொல்கிறது. வீரமும் வீட்டுவேலையும் அவருக்கு ஒரே நாளின் பாடு.

ஆனால் அந்த வீட்டுக்குள்ளும் ஒரு போர் நடந்தது. 1449 வாக்கில் மார்கரெட்டின் நாத்தனார் எலிசபெத்துக்கு, ஐம்பது வயதை நெருங்கிய, நோயால் முகம் சிதைந்த ஒருவரை மணம் பேசினார்கள். அவர் தயங்கியதும் அடி விழுந்தது. வாரம் ஓரிரு முறை, சில நாட்களில் இரண்டு முறை, தலையில் காயங்கள். அடித்தவர் பெற்ற தாய் ஆக்னஸ்.

இருபது ஆண்டுகள் கழித்து மார்கரெட்டின் மகள் மார்ஜரி, குடும்பத்தின் காரியஸ்தர் ரிச்சர்ட் காலை ரகசியமாக மணந்தார். மூத்த அண்ணன் 1463இலேயே நைட் பட்டம் பெற்றுவிட்டார். தங்கை ஃபிராம்லிங்ஹாமில் மெழுகுவர்த்தியும் கடுகும் விற்கத் தன் சம்மதம் ஒருநாளும் கிடைக்காது என்று எழுதினார் இளைய அண்ணன். இவர்களின் கொள்ளுத்தாத்தா கிளெமென்ட், எதிரிகள் சொன்னபடி, தானே ஏர் உழுத குடியானவர்! மூன்று தலைமுறை முன்னர் ஏறிய ஏணியைத்தான் மார்ஜரிக்குப் பின்னால் எடுத்துவிட்டார்கள்.

திருச்சபைச் சட்டப்படி, இருவரும் சம்மதித்துச் சொன்ன சொல்லே திருமணம். பாதிரியோ பெற்றோரோ அவசியமில்லை. அதனால் 1469 செப்டம்பரில் நாரிச் ஆயர் மார்ஜரியை அழைத்து, குலத்தை நினைவூட்டி, என்ன சொன்னாய் என்று விசாரித்தார். சொன்னதைச் சொன்ன மார்ஜரி, அந்தச் சொற்கள் போதாவிட்டால் போவதற்குள் இன்னும் உறுதியாக்கிவிடுகிறேன் என்றார். ஆயரால் மணத்தை முறிக்க முடியவில்லை. தாய் கதவைச் சாத்தினார்.

அதே மாதம் பாஸ்டன்களின் கெய்ஸ்டர் கோட்டையை நார்ஃபோக் டியூக்கின் படை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே இருந்தவர் இளைய மகன். மார்கரெட்டைக் கல்நெஞ்சுக்காரி என்று மட்டும் சொல்லி நான் கடக்கமாட்டேன். ஆண்கள் இல்லாத வீட்டில் பெண்ணுக்குக் கிடைத்த அதிகாரம் இரவல் அதிகாரம். குலத்தைக் காப்பதே அதற்கு அவர் கொடுத்த வாடகை. அந்த வாடகையை மகளிடம் வசூலித்தார்.

ரிச்சர்ட் பிறகும் குடும்பத்துக்கு வேலை பார்த்தார். கணக்கு அறிந்தவர் தேவைப்பட்டார், மருமகன் தேவைப்படவில்லை. 1482இல் எழுதிய உயிலில் மார்ஜரியின் மகன் ஜானுக்கு மார்கரெட் 20 பவுண்டு வைத்தார்.

மார்ஜரியின் கடிதம் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஆயர் முன் அவர் சொன்ன பதில் நமக்குத் தெரிவது, கோபத்தில் தாய் மூத்த மகனுக்கு எழுதுவித்த கடிதத்தால்தான். வீட்டுக்குள் விடாத மகளின் சொல்லை, அந்தத் தாய் திரிக்காமல் எழுத வைத்திருக்கிறார்.