பூர்வகுடிக் கலையும் காட்சிச்சாலையும்

சுங்கைப் பட்டாணிக்கு வடமேற்கே, மெர்போக்கில், புக்கிட் பத்து பகாட் குன்றின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சிச்சாலை அமைந்துள்ளது. அங்கே 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து கண்ட கோயிலை, 1959-60இல் அலஸ்டேர் லாம் மீண்டும் கல்லடுக்கி நிலைநிறுத்தினார். கடாரம் என்றதும் முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை நினைப்பவர் நாம். ஆகவே, மாணவர்க்கு அக்கற்களைக் காட்டும்போது தமிழாசிரியரின் குரலில் பெருமிதம் ஏறுவது இயல்பே. எனினும், அக்கோயில்களுக்கும் முற்பட்ட குடிகள் இம்மண்ணில் உண்டு. அவர்தம் கலையைக் காட்சிச்சாலைகளில் விளக்கியவர் யார் என்பது நாம் சிந்திக்கத்தக்க செய்தியாகும்.

கெடா மாநிலத்தின் பூர்வகுடிகள் கென்சியு மக்கள். பாலிங் வட்டாரத்து லூபோக் லெகோங்கில் இவர்கள் வாழ்கின்றனர். பழைய நூல்கள் இவர்களையும் இவர்தம் இனத்தாரையும் செமாங் என்று குறித்தன. இவ்வினப் பெண்கள் கூந்தலில் சூடிய மூங்கிற் சீப்புகளில் கோடும் கட்டமுமாக நுண்ணிய வேலைப்பாடு இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாகன் ஸ்டீவன்ஸ் என்பார் இச்சீப்புகளைத் திரட்டிப் பெர்லினுக்கு அனுப்பினார். ஒவ்வொரு கோலமும் ஒவ்வொரு நோயைத் தடுக்கும் காப்பு என்பது அவர் தந்த விளக்கம். 1899-1900இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவுடன் வந்த ஸ்கீட், பிளாக்டனுடன் சேர்ந்து 1906இல் வெளியிட்ட பெருநூலில் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். பின்வந்த அறிஞர் சிலர் இதனை ஐயுற்றனர். விளக்கியவர், ஐயுற்றவர் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. சீப்பைச் செதுக்கியவரின் பெயர் நிலைக்கவில்லை.

இஃது ஒருவர் செய்த பிழையன்று. அக்காலத்துக் காட்சிச்சாலைகளின் பொது வழக்கமே அதுதான். பொருள், இனம், ஊர், சேகரித்தவர் என எழுதி வைத்தால் போதும் எனக் கருதினர். 1883இல் தைப்பிங்கில் தோன்றிய பேராக் காட்சிச்சாலையின் முதற் காப்பாளர் லியனர்டு ரே என்பதை நாம் அறிவோம். அங்குள்ள கைவினைப் பொருள்களைச் செய்தோர் பெயரை அறிவோமா?

இவ்வழக்கம் மாறத் தொடங்கியதற்கு நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நல்ல சான்று. 1984இல் நியூயார்க்கில் அவர்தம் கலைச்செல்வங்கள் காட்சிக்கு வந்தபோது, மாவோரி முதியோர் விடியற்காலையில் சடங்கு செய்து அதனைத் திறந்து வைத்தனர். 1986-87இல் அக்காட்சி தாயகம் திரும்பியபோது, பயிற்சி பெற்ற மாவோரி இளைஞரே வழிகாட்டிகளாக நின்று விளக்கினர். பொருளின் பக்கத்தில் அப்பொருளுக்கு உரியவரே நின்று பேசினர்.

நம் நாட்டிலும் பூர்வகுடிக் கலை பழம்பொருளாக முடிந்துவிடவில்லை. சிலாங்கூரில், கேரி என்னும் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய கேரித் தீவில், மா மெரி மக்கள் தம் முன்னோர் ஆவிகளை மரச்சிலைகளாகவும் முகமூடிகளாகவும் இன்றும் செதுக்குகின்றனர். 1985இல் பிறந்த தெமுவான் ஓவியர் ஷாக் கோயோக், தம் இனத்தாரின் முகங்களைத் தாழையோலைப் பாய்மேல் தீட்டி, காடு அழிவதை உலகறியச் செய்கிறார். இத்தகைய கலையைச் சுற்றிக் காட்டும் காப்பாளர், செய்தவர் பெயரையும் அவர் நிலத்தின் நிலையையும் சொல்லாமல் மரத்தின் வகையை மட்டும் சொன்னால், அவ்விளக்கம் பாதி விளக்கமே.

இது நமக்கும் பொருந்தும். அதே கேரித் தீவுத் தோட்டங்களில் நம்மவரும் உழைத்தனர். பால்வெட்டுக் கத்தியும் மங்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும்போது, துரையின் பெயர் மட்டும் எழுதப்பட்டு, வெட்டியவர் பெயர் விடுபட்டால் நாம் பொறுப்போமா? ஆகவே, மாணவரை மெர்போக்கிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்கள், கடாரத்தின் பெருமையைச் சொல்லுமுன், பாலிங்கில் வாழும் கென்சியு மக்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுவார்களாக. நம் பெயர் நிலைக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, பிறர் பெயரை மறவாதவர்க்கே உண்டு.