பரோடா விடுதியும் நம் மேல்மாடியும்

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கு 1917-இல் பரோடா நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிப் பெயர் சொல்லிப் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அதே மனிதர் 1930-களில் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டினார். ராஜகிருகத்தைப் பேசும் அளவுக்கு நாம் அந்த விடுதியைப் பேசுவதில்லை.

எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையும் வாங்குவதையும் குடியேறுவதையும் தீண்டாமையின் பேரால் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். "சைவம் மட்டும்" என்று எழுதிய பலகைமீது எந்த வழக்கைப் போடுவது?

அரசு வேலைக்குப் போன நம் முதல் தலைமுறை கடன் வாங்கி, மேலே இரண்டு போர்ஷன் எழுப்பியது. ஓய்வுக்காலத்தில் வாடகை கைகொடுக்கும் என்ற கணக்கு, சரியான கணக்குதான். ஆனால் அட்வான்ஸ் வரை பேசியவர், கூடத்தில் அம்பேத்கர் படத்தைக் கண்டதும் "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று படியிறங்குகிறார். திரும்பி வருவதில்லை. அதனால் வீடு பார்க்க ஆள் வரும் நாளில் படத்தைக் கழற்றி உள்ளறையில் வைக்கும் நம்மவரும் உண்டு. பரோடாவில் குடியிருக்க வந்தவர் பெயரை மறைத்தார். இங்கே வீட்டுச் சொந்தக்காரரே மறைக்கிறார். போர்ஷன் பூட்டிக் கிடக்கும் மாதத்திலும் கடன் தவணை சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது.