முகமாலை மண்ணும் மின்காந்த அலையும்

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது வன்னி மண்ணிலே மிதிவெடிகள் எஞ்சிக் கிடந்தன. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையில், எதிரெதிர் நின்ற அரண்களுக்கிடையே புதையுண்டவை, குடியானவனைத் தன் தோட்டத்துள் கால்வைக்கவொட்டாது பல்லாண்டு தடுத்தன. ஆண்களும் பெண்களும் உலோகங்காட்டியும் நீண்ட பிடியுள்ள வாரியும் ஏந்தி, அடியடியாக நிலத்தை மீட்டனர். பிளாஸ்டிக் உறைக்குள் மிகச் சிறிதளவே உலோகம் உள்ள வெடிகளும் உண்டு. அவற்றைத் துருப்பிடித்த ஆணியினின்றும் பிரித்தறிதல் உலோகங்காட்டிக்கு எளிதன்று.

ஆதலின் அறிஞர் பிறிதொரு கருவியையும் நாடினர். நமது வானொலியைச் சுமந்துவரும் அலையின் இனத்தையே மண்ணுட் செலுத்தி, அதன் எதிரொலியைக் கேட்பது அக்கருவி. ஆயின் கல்லும் வேரும் எதிரொலிக்கும். மாரி பெய்த மண்ணிலோ அலையின் வேகமே குறைந்துவிடும். எது வெடியின் குரல் என்பதை முன்னரே கணித்துப் பார்த்தாலன்றிக் கருவியைத் திருத்தமுற அமைத்தல் இயலாது.

அலையின் சமன்பாடுகளை மாக்சுவெல் 1865இல் வெளியிட்டார். அவற்றைக் கரடுமுரடான பொருள்களுக்குத் தாளிலே தீர்த்தல் அரிது. நூறாண்டு கழித்து, 1966இல், கேன் யீ என்பார் எளிய வழியொன்று கண்டார். வெளியைச் சிறு பெட்டிகளாகப் பகுத்து, மின்மண்டலத்தை விளிம்புகளிலும் காந்தமண்டலத்தை முகங்களிலும் வைத்தார். முதலில் ஒன்றைக் கணிப்பது. அரையடிக் காலம் கழித்து மற்றதைக் கணிப்பது. நடப்பவனின் இடக்காலும் வலக்காலும் போல. இத்துணை எளிமையே அதன் பெருமை எனலாம்.

எனினும் அவ்வழிக்கு ஒரு தளை உண்டு. கூரன்ட், பிரீட்ரிக்ஸ், லூவி என்னும் மூவர், மின்கணினி பிறவாத 1928இலேயே அதனை உணர்த்தியிருந்தனர். பெட்டி சிறிதானால் காலத்தின் அடியும் சிறிதாதல் வேண்டும். மீறினால் விடை தறிகெட்டுப் பெருகும். 1 மில்லிமீற்றர்ப் பெட்டியெனில், வெற்றுவெளியில் ஒரு விநாடியை ஏறத்தாழ 52,000 கோடி கூறாக்கியதில் ஒன்றே காலடியின் எல்லை. பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் பெட்டிகள் 8 மடங்கு, காலடிகள் 2 மடங்கு, வேலை 16 மடங்காகும். வெடியினுள்ளிருக்கும் சிறு ஊசியொன்றிற்காக நிலம் முழுவதும் அவ்விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

தளையை அறுக்கும் உபாயம் வேறிடத்திருந்து வந்தது. வெப்பப் பரவல் போன்ற கணக்குகளில் திசைகளை மாறிமாறித் தீர்க்கும் முறையைப் பீஸ்மன், ரக்போர்ட் இருவரும் 1955இல் தந்திருந்தனர். அதனை 1999இல் யப்பானியரான நமிக்கி அலைக்குப் பொருத்தினார். மறுவருடம் கனடாவில் முப்பரிமாணத்திற்கு விரித்தனர். அதில் காலடி எவ்வளவு நீண்டாலும் விடை கட்டுமீறாது. கட்டுமீறாமை வேறு, பிழையின்மை வேறு. அடி மிக நீண்டால் கணக்கில் அலை தாமதித்து ஓடும். எதிரொலி தாமதித்தால் வெடியின் ஆழம் தவறாகத் தோன்றும். ஆகவே, நுண்பெட்டிகளை வெடியின் அருகில் மாத்திரம் வைத்து, அப்பால் பெரும் பெட்டிகளை அமைப்பாரும் உளர்.

எடின்பரோவில் 1996 முதல் வளர்ந்துவந்த ஜிபிஆர்மாக்ஸ் என்னும் மென்பொருள் யீயின் பழைய வழியையே அடிப்படையாகக் கொண்டது. மிதிவெடியோடு மேடுபள்ளமான மண், புல், வேர், தேங்கிய நீர் ஆகியவற்றையும் அதனுள் அமைத்து, எதிரொலி எவ்வாறு திரும்பும் என்று கணித்திருக்கின்றனர்.