ஆங்கில எதிர்மறை முன்னொட்டுகள்

ஒரு சொல்லின் முன் சேர்ந்து அதன் பொருளை மறுக்கும் ஆங்கில அசைகள் எதிர்மறை முன்னொட்டுகள் எனப்படும். பழைய ஆங்கிலத்தின் 'அன்', இலத்தீன்வழி வந்த 'இன்', 'நான்', 'டிஸ்', கிரேக்கத்தின் 'ஏ' ஆகியவை முதன்மையானவை. 'அல்லாத' என்ற ஒரே பொருளில் அகராதிகள் இவற்றைக் காட்டினாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடிவதில்லை. புலியை 'நான்ஹ்யூமன்' எனலாம். மனித இனத்தைச் சேராதது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. 'இன்ஹ்யூமன்' என்பதோ சித்திரவதை செய்யும் மனிதனுக்கே உரியது. நல்லது கெட்டது அறியாத கைக்குழந்தை 'ஏமாரல்', அறிந்தே லஞ்சம் வாங்குபவர் 'இம்மாரல்' ('இன்' இங்கே 'இம்' ஆகிறது). ஆக, இங்கே தேர்வு இரு மறுப்புகளுக்கு இடையே அல்ல; ஒரு வகைக்கு வெளியே நிறுத்துவதற்கும் பழிப்பதற்கும் இடையே.

மொழியியலார் இதை நெடுங்காலமாகக் கவனித்துள்ளனர். 'அன்', 'இன்' சேர்ந்த பெயரடைகளில் பெரும்பாலானவை இழிவுப்பொருள் தருபவை என்று ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் எழுதினார். கார்ல் சிம்மர் 1964இல் அதை விரிவாக ஆராய்ந்தார். 'அன்கைண்ட்' உண்டு, 'அன்குரூயல்' வழக்கில் இல்லை: நல்ல பண்பைப் பறிக்கவே அந்த முன்னொட்டு முந்துகிறது. அரசியல் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அமெரிக்கக் கீழவை 1938இல் அமைத்த விசாரணைக் குழுவின் பெயரில் 'அன்அமெரிக்கன்' என்ற சொல் இருந்தது. அங்கே பிறந்த குடிமகன்மீதும் அது பாய்ந்தது. 'நான்அமெரிக்கன்' என்றிருந்தால் வெளிநாட்டவரை மட்டுமே குறித்திருக்கும். சென்னையில் 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை ஆங்கிலத்தில் 'நான்' என்ற முன்னொட்டையே கொண்டது. அது ஒரு தொகுதியைக் குறித்தது, எவர் நடத்தையையும் எடைபோடவில்லை.

வழக்கு விதியை மதிப்பதில்லையே என்று கேட்கலாம். 'டிஸின்டரெஸ்டட்' என்றால் தன்னலச் சார்பற்றவர், 'அன்இன்டரெஸ்டட்' என்றால் ஆர்வமற்றவர் என்று இலக்கண ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலோ முதற்சொல்லே ஆர்வமின்மையையும் குறித்தது. உண்மைதான், ஆனால் பொருள் இடம் மாறியிருக்கிறதே தவிர வேறுபாடு அழியவில்லை. நடுவரைப் பாராட்டுவதும் தூங்குமூஞ்சியைக் குறைகூறுவதும் இன்றும் தனித்தனிச் சொல் கேட்கின்றன. எளிதில் தீப்பற்றுவது எனப் பொருள்படும் 'இன்ஃபிளேமபிள்' என்ற விலக்கு இதில் சேராது. அதிலுள்ள 'இன்' மறுப்பே அல்ல. எரியாதது என்று படித்து ஆபத்து நேரக்கூடும் என்பதால்தான் எச்சரிக்கைப் பலகைகள் 'ஃபிளேமபிள்' என்பதற்கு மாறின.

இவற்றைவிட வலுவான தடை காந்தியிடமிருந்து வருகிறது. அகிம்சைக்கு அவர் ஆண்ட 'நான்வயலன்ஸ்' வெறும் இன்மையைக் குறிக்கவில்லை, செயலூக்கமுள்ள ஆற்றலைக் குறித்தது. ஆனால் அது கோழைத்தனமோ செயலின்மையோ அல்ல என்று அவர் ஓயாமல் விளக்க வேண்டியிருந்தது. முன்னொட்டு இழுத்த திசை அது. பின்வந்தோர் பலர் இடையிலிருந்த இணைப்புக்கோட்டை எடுத்துவிட்டு ஒரே சொல்லாக எழுதியதும் அந்த இழுப்பைத் தளர்த்தத்தான்.