கொரிய மரபுத் தேநீர்க்கூடத்தின் வயது

சியோல் நகரின் இன்சாதோங் பகுதியில் மரக்கதவும் தாள் ஒட்டிய சன்னலுமாக இருக்கும் தேநீர்க்கூடங்களைப் பார்ப்பவர்கள், அவை அரசர் காலத்திலிருந்து இடையறாமல் வருபவை என்றே எண்ணுகிறார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. தேயிலை மடங்களில் தங்கிவிட்டது; கடைத்தெருவுக்குக் காப்பி வந்து சேர்ந்தது. இவ்விரண்டு வரலாறுகளும் 1980களை ஒட்டித்தான் ஒரே கூரையின்கீழ் வந்தன. வந்ததை நிலைக்கச் செய்தவர்கள், கடையை ஆயுள் தொழிலாக நடத்திய சிலர் என்பதே என் வாதம்.

தேயிலையின் பழைமையில் ஐயமில்லை. சில்லா நாட்டுத் தூதர் கிம் தேரியொம் 828இல் சீனத்திலிருந்து கொண்டுவந்த விதைகளை, ஹுங்தொக் மன்னர் ஜிரி மலையில் விதைக்கச் செய்தார் என்று 'சாம்குக் சாகி' பதிவு செய்கிறது. அதற்கு முன்பே, சொந்தொக் அரசியின் காலத்திலேயே, தேநீர் அறிமுகமாகியிருந்தது என்றும் அந்நூலே கூறுகிறது. அயுதா நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஹோ அரசிதான் தேயிலை விதை கொண்டுவந்தார் என்பாரும் உண்டு. அந்த அரசியைத் தமிழ்ப்பெண் என்று கொண்டாடும் நமக்கு இது இனிக்கும் செய்திதான். ஆனால் அவர் வருகையைச் சொல்லும் 13ஆம் நூற்றாண்டின் 'சாம்குக் யுசா'வில் விதையைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்கதையை யி நுங்ஹ்வா தம் பௌத்த வரலாற்று நூலில் எழுதியது 1918இல். இதை வரலாறாகக் கொள்வதற்கில்லை.

கோரியோ காலத்தில் பௌத்தம் செழித்தது, தேநீரும் செழித்தது. அரண்மனைத் தேநீர்ச் சடங்குகளுக்குத் தனி அலுவலகமே இருந்தது. அடுத்து வந்த ஜோசன் அரசு கன்பூசிய நெறியைக் கைக்கொண்டு மடங்களை ஒடுக்கியதால் தேநீர் தேய்ந்தது என்பது வழக்கமான விளக்கம். வரிச்சுமையையும் இதனோடு சேர்க்க வேண்டும். 1470களில் ஹாம்யாங் வட்டத்துக்கு ஆட்சியராக வந்த கிம் ஜொங்ஜிக், தேயிலையே விளையாத ஊரில் தேயிலை வரி வசூலிக்கப்படுவதைக் கண்டார். மக்கள் பக்கத்து மாகாணத்துக்குப் போய், அரிசியைக் கொடுத்துத் தேயிலை வாங்கிவந்து அரசுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'சாம்குக் சாகி' படித்திருந்த அவர், ஜிரி மலையில் விதைத்தது உண்மையானால் அதன் அடிவாரமான இங்கேயும் செடி இருக்க வேண்டுமே என்று முதியவர்களை விசாரித்தார். பழைய மடமொன்றின் அருகே மூங்கில் புதரில் சில செடிகள் கிடைத்தன. சுற்றியிருந்த நிலத்தை வாங்கி அரசுத் தோட்டம் போட்டார். நல்ல அதிகாரி. ஆனால் அவர் கதையில் தேநீர் குடித்து மகிழ்பவர் ஒருவரும் இல்லை. குடிமக்களுக்குத் தேயிலை என்றால் வரிதான்.

பிறகு தெற்குக் கோடியில் நாடுகடத்தப்பட்ட அறிஞர்களும் அங்கிருந்த துறவிகளும் தேநீர் மரபைக் காத்தார்கள். காங்ஜினில் 1801 முதல் 1818 வரை இருந்த ஜொங் யாக்யொங், ஹேனாம் அருகே இல்ஜியாம் குடிலில் வாழ்ந்து 1837இல் கொரியத் தேநீரைப் போற்றி 'தொங்தாசொங்' இயற்றிய சோயி துறவி ஆகியோர் முதன்மையானவர்கள். இது மிகச் சிறிய வட்டம்.

கூடத்தின் கதை நகரத்தில் தொடங்குகிறது. ஜப்பானியர் ஆட்சியில் பெருகிய 'தாபாங்' என்னும் கடைகளில் விற்றது காப்பி. எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடிய இடங்கள் அவை. கவிஞர் யி சாங் 1933இல் ஜொங்னோவில் 'ஜேபி' என்ற தாபாங்கைத் திறந்து, நட்டப்பட்டு, 1935இல் மூடினார். கவிதை எழுதத் தெரிந்த அளவு கடை நடத்தத் தெரியவில்லை.

தேயிலையின் கதைக்குத் திரும்புவோம். தாசொல்சா மடத்தின் சுவே பொம்சுல் துறவி கொரியத் தேநீர் நெறி பற்றிய நூலை 1973இல் வெளியிட்டார். 1979இல் தேநீர் ஆர்வலர் சங்கம் அமைந்தது; 1981இல் ஜின்ஜுவில் மே 25 தேநீர் நாளாக அறிவிக்கப்பட்டது. மடத்தின் முறை நகரத்துக்கு வந்தது: கொதிநீரை அகன்ற கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்து, பிறகே இலையில் விடுவது; எல்லாக் கோப்பைக்கும் ஒரே திடம் வர, சிறிது சிறிதாக மாறி மாறி ஊற்றுவது.

ஆனால் கடைகளில் அதிகம் கேட்கப்பட்டது இலைத் தேநீர் அல்ல. பழச்சாறும் மூலிகைக் கஷாயமும். மொக்வா என்ற கல் போன்ற மஞ்சள் பழத்தை மெல்லிய வில்லைகளாக அரிந்து, சர்க்கரை சேர்த்துச் சாடியில் ஊறவிட்டு, பாகோடு அள்ளி வெந்நீரில் கலப்பார்கள். கோடைகால அவசரத்துக்கு வராத வேலை. இலையுதிர்காலத்திலேயே ஆண்டுத் தேவைக்குப் போட்டுவைக்க வேண்டும். துறவியின் நூலில் இடம்பெறாத இந்த வீட்டுச் சமையலறை அறிவுதான் கடைகளின் வாடகையைக் கட்டியது.

அந்த மொக்வாவுக்குப் பேர்போனது மோக் சுன்ஓக் 1985இல் இன்சாதோங்கில் திறந்த 'குவிசொன்'. அவர் கணவர், கவிஞர் சொன் சாங்பியொங், 1967இல் 'கிழக்கு பெர்லின்' உளவு வழக்கில் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானவர். பின்னர் காணாமல் போன அவரை இறந்துவிட்டார் என்றே நம்பி நண்பர்கள் 1971இல் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். அவரோ மனநல மருத்துவமனையில் இருந்தார். அங்கே அவரைப் பேணி மீட்ட சுன்ஓக், 1972இல் மணந்துகொண்டார். கணவரின் கவிதைத் தலைப்பே கடையின் பெயர். குடும்பத்துக்குச் சோறு போட்டதும் கடைதான். கணவர் 1993இல் இறந்த பின்னும், 2010இல் தாம் மறையும்வரை சுன்ஓக் கடையை நடத்தினார். யி சாங்கின் தாபாங் இரண்டாண்டு, இது இருபத்தைந்து ஆண்டு. வேறுபாடு மூலதனத்தில் இல்லை. வருகிறவரை முகம் தெரிந்து வரவேற்கும் ஒருவர் நாள்தோறும் அங்கே இருந்ததில் இருக்கிறது.

அவருக்குப் பின் அந்தப் பெயரில் கடையை அப்பகுதியிலேயே தொடர்ந்து நடத்தியது அவர் உறவினர். சொங்புக்தோங்கில் எழுத்தாளர் யி தேஜுன் வாழ்ந்த வீடான 'சுயொன்சான்பாங்'கையும் அந்த எழுத்தாளரின் உறவுவழியினரே தேநீர்க்கூடமாக்கி நடத்திவருகிறார்கள். தேநீர்ச் சடங்கைச் சங்கங்கள் பாடத்திட்டம் வகுத்துக் கற்பிக்கின்றன. கடை நடத்தும் கலை இன்னமும் குடும்பத்துக்குள்தான் கைமாறுகிறது.